கிளை கழிப்பதை ஆவணி வரை தள்ளிவையுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பால்கனிகளில் பறவைகளுக்குத் தீனியோ தண்ணீரோ வைக்கக் கூடாது என்றும், வளாகத்து மரங்கள் அனைத்தும் மே மாதத்திற்குள் கிளை கழிக்கப்படும் என்றும் லிஃப்ட் அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். முதல் முடிவில் பாதி எனக்கு உடன்பாடே. இரண்டாவதைச் செய்யும் காலத்தை மாற்றுமாறு கேட்கவே இம்மடல்.

புறாத் தொல்லை உண்மைதான். மொட்டை மாடியில் படிக்கணக்கில் சோளத்தைக் கொட்டுவதால் மாடப்புறாக்கள் பெருகுகின்றன. அவற்றின் எச்சம் காய்ந்து தூளாகி, நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். அவ்வழக்கத்தைத் தாராளமாகத் தடை செய்யுங்கள். ஆனால், கிராமத்து வீட்டுத் தாழ்வாரங்களில் கட்டுவதுபோல் கிராதியில் தொங்கவிட்ட நெற்கதிர்க் கொத்து சிட்டுக்குருவிக்குத்தான் உதவும். கனத்த உடம்புள்ள புறாவால் அதைப் பற்றி நின்று கொத்த முடியாது. தண்ணீர்ச் சட்டியில் டெங்குக் கொசு பெருகும் என்ற அச்சத்திற்கும் வழி உண்டு. ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாக வளர்ந்து, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் பழைய நீரைக் கொட்டி, முட்டைகள் ஒட்டிக்கொள்ளும் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு நிரப்பினால் அங்கே கொசு வளராது.

இனி மரங்கள். கத்திரி வெயிலில் என் பால்கனிக்கு வருபவை தனியாக வருவதில்லை, பிள்ளைகுட்டிகளோடு வருகின்றன. கடைவாய் இன்னும் மஞ்சளாக இருக்கும் சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று, காலடியில் நொய்யரிசி சிதறிக் கிடந்தும் அதைக் கொத்தத் தெரியாமல், சிறகுகளை நடுங்கவிட்டு வாயைப் பிளந்து நிற்கிறது. தொண்டை கறுத்த தந்தைக் குருவி அதே நொய்யை அலகால் நசுக்கி ஊட்டுகிறது. அறுத்து வைத்த பப்பாளித் துண்டுக்குக் கொண்டைக்குருவி இணை வந்து, ஒரு வாய் எடுத்ததும் புங்கமரத்துக்கே திரும்புகிறது. எதிரேயுள்ள வேம்பில் ஒரு காகம், தன் கூட்டில் குயில் இட்டுவிட்டுப் போன முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு, வேற்றுப்பிள்ளை என்று அறியாமலே நம் வீட்டுச் சாதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. (குயிலின் பாட்டை ரசிக்கும் நாம் காகத்தைக் கல்லெறிந்து விரட்டுவதுதான் வேடிக்கை.) தவிட்டுக்குருவிகளோ ஏழெட்டாகக் கூடி வருகின்றன; குஞ்சுக்கு ஊட்டுவது பெற்றோர் மட்டுமல்ல, அந்தக் கூட்டமே.

சிட்டுக்குருவி பெரும்பாலும் கட்டடப் பொந்துகளில் கூடு கட்டினாலும், மற்றக் குஞ்சுகள் நீங்கள் கழிக்கவிருக்கும் கிளைகளில் வளர்பவை. பெரும்பாலான சிறு பறவைகள் அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மேலும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டாலும், இறங்கிய பிறகும் சில நாட்களுக்கு அவை சரியாகப் பறக்காமல் கிளைகளுக்குள்ளேயே ஒளிந்திருந்துதான் இரை வாங்குகின்றன. ரம்பம் வந்தால் எதுவும் மிஞ்சாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் நம் புயல் காலம் ஐப்பசியில்தான் தொடங்குகிறது. ஆடிக்காற்றில் ஒடிந்து விழக்கூடிய பட்ட கிளைகளை மட்டும், கூடு இல்லை என்று பார்த்து உறுதிசெய்தபின், இப்போதே வெட்டுங்கள். பச்சைக் கிளைகளை ஆவணி பாதியில் கழித்தால் மழைக்கு முன் வேலை முடிந்துவிடும். அதற்குள் பெரும்பாலான கூடுகளும் காலியாகிவிடும். அதுவரை தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்துமாறு வேண்டுகிறேன். பெரிய குருவி தானியம் தின்றாலும், கூட்டிலிருக்கும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியுமே முதன்மையான உணவு.

காவலாளிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அட்டைப்பெட்டிக்குள் போட்டுப் பால் புகட்ட வேண்டாம். பூனைக்கு எட்டாத தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். மனிதக் கை பட்டதற்காகத் தாய் அதை ஒதுக்கிவிடாது.

எந்தெந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று குறித்துத் தரவும், ஆவணியில் ஆட்கள் வரும் நாளில் உடனிருந்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். வரும் ஞாயிறு கூட்டத்தில் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்