இரவில் கைகளைக் கட்டும் முன்: மும்பை மேட்ரன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேட்ரன்களுக்கும் வார்டு பொறுப்பு சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கமிருந்து வேலைக்கு வரும் தமிழ்ச் செவிலியர்கள் எழுதுகிறோம். வயதான நோயாளிகளின் கைகளைக் கட்டிலோடு கட்டும் வழக்கத்தைப் பற்றியது இம்மடல்.

கதீட்டரை, அதாவது சிறுநீர் வடிய வைத்த குழாயை, நோயாளி இழுத்துவிடுவார் என்று பயந்து கட்டுகிறோம். உள்ளே பலூன் ஊதி நிறுத்திய அதை இழுத்துவிட்டால் சிறுநீர்ப்பாதை கிழிந்து ரத்தம் வரலாம். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் ஏன் இழுக்கிறார் என்று பார்க்காமல் கட்டினால் திமிறல்தான் கூடும். முதலில் ஆக்சிஜன், சர்க்கரை, காய்ச்சல், வலி பார்க்க வேண்டும். கதீட்டர் மடங்கி அடைத்திருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்தாலும், மலம் இறுகினாலும் பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறும். கண்ணாடியும் காது மெஷினும் லாக்கரில் கிடந்தால் தடுமாற்றம் இன்னும் கூடும். அந்த ட்யூப் இன்றைக்கும் தேவைதானா என்று டாக்டர் ரவுண்டில் தினமும் கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது.

தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியிடம் பெயர், கிழமை, இடம் என்று மராத்தியிலோ இந்தியிலோ கேட்கிறோம். அவர் விழிக்கிறார். சார்ட்டில் 'குழப்பம்' என்று ஏறிவிடுகிறது. "ஒண்ணுக்கு வருதும்மா" என்றபடி கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தால், அடங்காத பேஷண்ட் என்று பெயர். அவருக்கு வேண்டியது ஒரு பெட்பேன்.

கட்டியே தீரவேண்டிய நேரமும் வரும். காஸ் பேண்டேஜ் எனும் மெல்லிய வலைத்துணிக் கட்டு வேண்டவே வேண்டாம். இழுக்க இழுக்க இறுகித் தோலை அறுக்கும், நரம்பை அழுத்தும். பஞ்சு வைத்த அகலப் பட்டை, உள்ளே 2 விரல் நுழையும் இடைவெளி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. பக்கக் கம்பியில் கட்டினால் அதை இறக்கும்போது கையும் சேர்ந்து இழுபடும். கட்டில் சட்டத்தில் கட்டுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டினால் வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போகலாம், தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். விரல்களின் நிறமும் சூடும் அடிக்கடி பார்க்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கை கையாக அவிழ்த்து, மூட்டை அசைத்து, தண்ணீர் கொடுத்து, கழிவறைத் தேவை கேட்க வேண்டும்.

இரவில் ஒற்றை சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கும்போது இதெல்லாம் நடக்காது. அவர்மேல் பழி போடுவதும் நியாயமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்கிறது. மனநல நிலையத்தில் இருப்பவருக்குக் கிடைத்த அந்தக் காப்பு, பொது வார்டில் கிடக்கும் பாட்டிக்கு ஏன் இல்லை?

ஆகவே கேட்கிறோம்: காரணமும் நேரமும் எழுதிய டாக்டர் உத்தரவு இல்லாமல் கட்ட வேண்டாம். 'தேவைப்பட்டால் கட்டவும்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை நிறுத்துங்கள். வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள்; விசிட்டிங் நேரத்தில் அவர்களே வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கட்டும் முன் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரை போனிலாவது பேசவிடுங்கள். வலி, மூச்சு முட்டுது, தண்ணி, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்ற சொற்களைத் தேவநாகரியில் எழுதிய அட்டையை ஒவ்வொரு வார்டுக்கும் நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மும்பைத் தமிழ்ச் செவிலியர்கள்