கூட்ஸ் வண்டி பார்க்கிறவன் எழுதுவது

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா,
நவம்பர்

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு சமாதானமானது. டாக்டர் நடக்கச் சொன்னால் நட, சண்டித்தனம் பண்ணாதே. இங்கே எல்லாரும் சுகம். மகேஸ்வரிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மழை விட்டபாடில்லை, மார்க்கெட்டில் மீன் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இனி என்னை உசுப்பிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன். "நீராவி எஞ்ஜின் ஓடுகிறது என்றால் சொல், கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கண்டெய்னர் பெட்டியைப் படம் எடுக்க நான் எதற்கு?" என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் நீராவிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பாய். போன மாதம் பாங்காக் போய் வந்தேன். அக்டோபர் 23 அங்கே சூலலங்கோன் ராஜாவின் நினைவு நாள், 1910இல் அவர் இறந்த தேதி. தாய்லாந்துக்கு ரயிலைக் கொண்டுவந்தவர் என்பதால் அன்றைக்கு ரயில்வேக்காரர்கள் நீராவி வண்டி விடுகிறார்கள். ஹுவாலம்போங் ஸ்டேஷனில் கிளம்பி அயூத்தியா போய்த் திரும்பும். பயணம் ஒன்றும் கஷ்டமில்லை. நம் ஊரிலிருந்து ஈடிஎஸ் மின்சார ரயிலில் எல்லையில் இருக்கிற பாடாங் பெசார், அந்த ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட் முத்திரை, சாயங்காலம் தாய்லாந்து வண்டியில் ஏறிப் படுத்தால் விடிந்து பாங்காக்.

எஞ்ஜின்கள் இரண்டு, 824, 850. யுத்தம் முடிந்த பிறகு ஜப்பானில் செய்தவை, பசிபிக் என்கிற சக்கர அமைப்பு வகை. இரண்டையும் முதுகோடு முதுகு கோர்த்திருக்கிறார்கள். எந்தத் திசையில் போனாலும் ஒரு முகம் முன்னால் இருக்கும், எஞ்ஜினைத் திருப்பவே வேண்டாம். பித்தளையெல்லாம் துடைத்துப் பளபள என்று நின்றன. ஆனால் சத்தம் நம்முடையது இல்லையடா. நம் மலாயா ரயில்வேயின் 56ஆம் கிளாஸ் எஞ்ஜின், கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தது, மூன்று சிலிண்டர். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஆறு மூச்சு விடும். இவற்றுக்கு இரண்டு சிலிண்டர், நாலே மூச்சு. பக்கத்தில் நின்ற பையன்களுக்கு இது புரியாது. உனக்குப் புரியும், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே எந்த எஞ்ஜின் வருகிறது என்று பந்தயம் கட்டியவன் நீ.

படம் எடுத்த விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு எஞ்ஜினை வெயிலில் எடுப்பது எவ்வளவு தொல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கேமராவின் வெளிச்ச மீட்டர் கறுப்பைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதாது என்று தாராளமாகத் திறந்துவிடும். எஞ்ஜின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், ஆவி இருக்கிற இடம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பாதையோரப் புல்லில் அளந்து, மேனுவலில் பூட்டிவிட்டு, பிறகு தொடவே இல்லை. அதைவிட முக்கியம் சூரியன் நிற்கிற உயரம். காலை எட்டு, எட்டரைக்குள் வெயில் சாய்வாக வந்து சக்கரத்துக்குள் புகும். ஆரக்கால், சக்கரங்களைக் கோர்க்கிற ராடு, அச்சில் எண்ணெய் கசிந்து தூசு ஒட்டிய தடம் வரைக்கும் தெரியும். பத்து மணி தாண்டினால் மேலே இருக்கிற நடைபலகையின் நிழல் விழுந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் இருட்டு. ராடு கீழே இறங்கி வருகிற கணத்தில் பட்டனை அழுத்தினால்தான் சக்கரங்கள் முழுதாக நிற்கும், மேலே இருந்தால் நடுச்சக்கரத்தின் குறுக்கே ஓடிக் கெடுத்துவிடும். ஓடுகிற வண்டியில் இது பாதி அதிர்ஷ்டம்தான்.

புகைப்படப் புத்தகங்களில் பார்த்து நாம் ஏங்கிய அந்தப் பெரிய வெள்ளை மேகம் மட்டும் கிடைக்கவில்லை. அது குளிர்தேசத்துச் சமாச்சாரம். நம் பக்கத்துச் சூட்டில் ஆவி புகைபோக்கியை விட்டு வந்ததும் கரைந்துவிடுகிறது. நீ சபாவில் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் போகிற வண்டியை எடுத்தாயே, அதில் புகை அழகாக வந்ததற்குக் காரணம் விறகு. 1954இல் வல்கன் ஃபவுண்ட்ரி செய்த எஞ்ஜின், விறகு போட்டு எரிப்பது, போதாக்குறைக்குக் கடற்கரையில் காலை ஈரம். அந்தப் படம் இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட நல்லது வாய்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஆனால் அயூத்தியாவில் ஒன்று கவனித்தேன். ஏகப்பட்ட கேமராக்கள், தலைக்கு மேலே டிரோன். எஞ்ஜின் டிரைவர் எண்ணெய்க் கேனோடு கீழே இறங்கினால் நாலு பக்கமும் கூச்சல், படத்தை மறைக்கிறார், நகரச் சொல்லு என்று. அந்த எஞ்ஜினை ஓட்டி வந்த மனுஷனையே நகரச் சொல்கிறார்கள்! அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து கொடுக்கிறார். ஒரு வருஷத்தில் சில விசேஷ நாள்தான் அந்த வண்டி ஓடுகிறது. அது ஓடுவதே படம் எடுப்பதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. வேலை இல்லை.

மறுநாள் தொன்புரி ஷெட்டுக்குப் போனேன். அங்கே சின்ன எஞ்ஜின் ஒன்று, சி56 வகை. உனக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சரி, எழுதுகிறேன். யுத்த காலத்தில் சயாம்-பர்மா மரண ரயிலுக்காக ஜப்பான்காரன் கப்பலில் கொண்டுவந்த 90 எஞ்ஜின்களில் தப்பியவை சில, அதில் இது ஒன்று. 415 கிலோமீட்டர் பாதை. அதற்குத் தண்டவாளம் போதாமல் நம் கிழக்குக் கரைப் பாதையையும் மலாக்காக் கிளையையும் பெயர்த்துக்கொண்டு போனான். ஆளும் நம் தோட்டங்களிலிருந்துதான் போனது. உன் தாத்தா போனார், திரும்பவில்லை. நான் அதன் முன்னால் நின்று நம்பர் பலகையை மட்டும் கிட்டத்தில் எடுத்தேன். பெயிண்ட் புதிது, அதன் கீழே தட்டின பள்ளங்கள் தெரிகின்றன. படத்தைத் தனியாக அனுப்புகிறேன். வேண்டாமென்றால் திறக்காதே.

இப்போது நம் ஊர்க் கூட்ஸ் வண்டி.

நீ இங்கிருந்து கிள்ளான் போன பிறகு பாதை முழுக்க மாறிவிட்டது. இரட்டைத் தண்டவாளம், மேலே 25,000 வோல்ட் கம்பி, இரண்டு பக்கமும் வேலி. கேட் எல்லாம் எடுத்துவிட்டு மேம்பாலம் போட்டார்கள். கேட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையும் அதோடு போனது. படம் எடுக்கிறவனுக்குப் பெரிய எதிரி கம்பிக் கம்பம்தான். எங்கே நின்றாலும் எஞ்ஜினின் மூக்குக்கு நேராக ஒன்று முளைக்கும், இல்லையென்றால் அதன் நிழல் பெட்டியைக் குறுக்கே வெட்டும். மேம்பாலத்து நடைபாதையில் நின்று மேலிருந்து எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். பின்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனை, அதற்குப் பின்னால் மலை. நாம் பார்த்த கித்தா (ரப்பர்) மரங்கள் அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை பார். இவ்வளவு கம்பி இழுத்தும் கூட்ஸை இழுப்பது இன்னமும் டீசல்தான். சீனாவில் டாலியானில் செய்த 29ஆம் கிளாஸ் வரும். சில நாள் புளூ டைகர் என்கிற 26ஆம் கிளாஸ் வரும். உன் வீட்டுப் பக்கம் போர்ட் கிள்ளானில் ஏற்றுகிற கண்டெய்னர்தான் இங்கே என் கண் முன்னால் எல்லையை நோக்கிப் போகிறது. கூட்ஸுக்கு நேரம் எங்கேயும் எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள். வரும்போது வரும். ஈடிஎஸ் 140இல் பறந்து வருவதற்கு வழிவிட்டு இதைப் பக்கத்துப் பாதையில் ஒதுக்கி நிறுத்துவார்கள். நமக்கு வேண்டியது அந்த நேரம்தான். எஞ்ஜின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும், டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு கோப்பி குடிப்பார். கை காட்டினால் அவரும் காட்டுவார்.

சிமெண்ட் வண்டி வந்தால் எனக்குக் கண்டெய்னரைவிட சந்தோஷம். உருண்டைத் தொட்டிகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்றுதான் தூரத்தில் தோன்றும். கிட்டே போய்ப் பார். மேல் மூடியோரம் கசிந்த தூள் மழையில் நனைந்து, வழிந்தபடியே இறுகி, ஒவ்வொரு தொட்டியிலும் வேறு வேறு கோடு போட்டிருக்கும். மழை விட்டதும் மேற்கே மேகம் விலகி வெயில் தாழ்வாக வந்தால் அந்தக் கோடுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஓடும்போது எடுக்க வேண்டுமானால் ஷட்டரை வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கி வண்டியோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பு. முட்டி ஆறிய பிறகு.

காராய்க்கும் ஒரு நாள் போக வேண்டும். விக்டோரியா பாலம், 1900இல் முடிந்தது. இப்போது அதன் மேல் வண்டி இல்லை, கல்யாண ஜோடிகள்தான் நிற்கிறார்கள். பேராக் ஆற்றின் குறுக்கே பக்கத்திலேயே புதிய பாலம். பழையதின் நடைபாதையில் நின்றால் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே புதியதில் போகிற கூட்ஸ் தெரியும். அதற்கப்பால் பாடாங் ரெங்காஸ் தாண்டினால் புக்கிட் பெராப்பிட்டில் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளச் சுரங்கம். பழைய பாதை வளைந்து ஏறிய இடமெல்லாம் காடாகிவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கண்டெய்னரில் என்ன இருக்கிறது என்றாய். நம் சின்ன வயதில் 56ஆம் கிளாஸ் தினமும் போய்க்கொண்டிருந்தது. தினமும் போகிறதை யார் படம் எடுப்பார்? 1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல்கள் வந்தன, எழுபதுகளில் நீராவி ஒழிந்தது, அப்புறம்தான் ஆளாளுக்குத் தேடினோம். வெள்ளைக்காரர்கள் அப்போது வந்து எடுத்த படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்ஜின் நம்பர், இடம், தேதி எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கும். ஓரத்தில் பாதையைப் பழுது பார்க்கிற லைன் கேங் ஆட்கள் கடப்பாரையோடு ஒதுங்கி நிற்பார்கள், பாதி உடம்பு படத்துக்கு வெளியே. அப்பா அந்த கேங்கில்தான் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தார், வெயிலில் சிலிப்பர் கட்டை மாற்றிய மனுஷன். அவர் தண்டவாளத்தின் மேல் நிற்கிற படம் ஒன்று எங்காவது இருக்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எஞ்ஜின் கிடைக்கிறது, அவர் கிடைக்கவில்லை.

அதனால் நான் இப்போது பாதையைப் பழுது பார்க்கிறவர்களைக் கேட்டு நிறுத்தி எடுக்கிறேன், பெயரும் எழுதிக்கொள்கிறேன். ஆரஞ்சு சட்டை, தலைக்கவசம். தமிழர்கள் குறைவு, பங்களாதேஷ் பையன்கள் உண்டு. படத்தைப் போனில் அனுப்பினால் ஊருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் நன்றி சொல்வார்கள். இதற்கு நீ மட்டமாக ஏதாவது ஒன்று சொல்வாய், எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்.

இன்னொன்று. நீராவிக்காக இவ்வளவு அலைகிறோமே, அது நம் ஊரை விட்டு எங்கே போனது? எந்தச் செம்பனை ஆலையிலும் இன்றைக்கும் கொதிகலன்தான். பழத்து நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து ஆவி எடுக்கிறார்கள், அதில்தான் குலையை வேகவைக்கிறார்கள். தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் ஜெண்டாராத்தா தோட்டத்தில் இன்னும் ஒருபடி மேலே. காட்டிலிருந்து ஆலைக்குக் குலை வருவதே குட்டி ரயிலில். குறுகலான தண்டவாளம், சின்ன டீசல் எஞ்ஜின், பின்னால் வரிசையாக இரும்புக் கூண்டுகள், கூண்டு நிறையச் சிவந்த குலை. கூட்ஸ் வண்டி, செம்பனை, ஆவி மூன்றும் ஒரே இடத்தில். நீராவிக்கு மட்டும்தான் வருவேன் என்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். உன் மருமகன் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தாதானே? யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் குலை அதிகம் வரும் என்று விசாரிக்கச் சொல். மழை ஓய்ந்து, உன் முட்டியும் தேறியதும் போகலாம், மோட்டார் சைக்கிள் வேண்டாம், என் மகன் காரில் கொண்டுவிடுவான். மருமகன் போன் நம்பரையும் அனுப்பு, நானே பேசிக்கொள்கிறேன். உன்னை நம்பினால் தைப்பூசம் போய்ப் பங்குனி உத்திரம் வந்துவிடும்.

உன்,
மணியம்