வெங்கட்ராகவனை ஒரு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இந்திய கிரிக்கெட் கேப்டன்கள் கட்டுரையில் எஸ். வெங்கட்ராகவனுக்குக் கிடைத்தது ஒரே வரி: ஐந்து டெஸ்டுகளில் ஒரு வெற்றியும் இல்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஐந்தும் அவருக்கு எப்படி வந்தன என்று பார்க்க வேண்டாமா?

1974 டிசம்பரில் அப்போதைய கேப்டன் பட்டோடிக்குக் காயம். அதனால் டெல்லி டெஸ்டுக்கு மட்டும் வெங்கட் கேப்டன். பட்டோடி திரும்பி வந்த அடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினோரு பேரில்கூட வெங்கட்டுக்கு இடமில்லை! மீதி நான்கும் 1979 இங்கிலாந்துப் பயணத்தில். அதற்குச் சற்று முன்புதான் வெஸ்ட் இண்டீஸ் தொடரை வென்றிருந்த கவாஸ்கரை மாற்றிவிட்டு இவரிடம் அணியைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, டெஸ்ட் தகுதியே பெறாத இலங்கையிடமும் சேர்த்து. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் அதே இங்கிலாந்துப் பயணத்தின் ஓவல் டெஸ்டை எப்படி விட்டீர்கள்? இந்தியாவுக்கு இலக்கு 438. கவாஸ்கரும் சேத்தன் சவுகானும் முதல் விக்கெட்டுக்கு 213 ரன். கடைசி 20 ஓவர் தொடங்கும்போது ஒரு விக்கெட்தான் போயிருந்தது, தேவை 110. வெங்சர்க்கார் ஆட்டமிழந்ததும் அனுபவ பேட்ஸ்மேன் விஸ்வநாத்தை நிறுத்தி வைத்து, அதிரடியாக அடிக்கும் கபில்தேவை அனுப்பினார் வெங்கட். கபில் பூஜ்யம். அப்புறம் 221 அடித்த கவாஸ்கரும் போக, இங்கிலாந்தின் போத்தம் ஆட்டத்தைத் திருப்பினார். 429க்கு 8 விக்கெட், டிரா. ஒன்பது ரன் குறைவு. விஸ்வநாத் முன்னால் போயிருக்கலாம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அது ஜெயிக்கப் பார்த்தவர் எடுத்த முடிவு. டிராவுக்கு ஆடியவர் எடுத்ததல்ல.

ஊர் திரும்பும் விமானத்தில் விமானியின் அறிவிப்பில்தான் கவாஸ்கர் மறுபடி கேப்டன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததாம். அந்த வெங்கட்தான் 1983 வரை ஆடி, 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்து, பிறகு 73 டெஸ்டுகளுக்கு நடுவராகவும் நின்றார்.

அவரிடம் ஒரு நீண்ட பேட்டி எடுத்துப் போடுங்கள். கபிலை அனுப்பியது யார் யோசனை என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி