மலைக் கிராமப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வுக்கு வழிகாட்ட ஆள் கேட்டு மனு

அனுப்புநர்
மேல்மலை ஊர்ப் பெற்றோர்கள்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்த மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். குடிநீர்த் தொட்டி திறப்புக்கு வந்தபோது, ரேஷன் கடை வளைவைத் தாண்டியதும் தங்கள் போனிலேயே சிக்னல் போய்விட்டது. அதே இடத்தில் இருந்துதான் எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

1. பொறியியல் கலந்தாய்வு முழுவதும் ஆன்லைனில் நடக்கிறது. அடிவாரத்து நெட் சென்டரை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. அங்கே அவசரத்தில் கடைக்காரர்கள் விண்ணப்பத்தில் அவர்களுடைய போன் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் அவர்களிடம்.

2. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தாக வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று அலைய வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் எதுவும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை.

3. எங்களை அதிகம் வதைப்பது இதுதான். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் போய்விடும். சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் வந்தது. அப்பா அம்மா தோட்ட வேலைக்குக் கேரளா போயிருந்தார்கள். அவள் பாட்டியோடு இருந்தாள். செய்தி நெட் சென்டர்காரர் போனுக்குப் போனது. கடை பூட்டிக் கிடந்தது. அவள் கீழே இறங்கிக் கேட்டபோது நேரம் முடிந்திருந்தது. உதவி எண்ணுக்குப் பேசினோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். சான்றிதழ்களையெல்லாம் ஜவுளிக்கடைப் பையில் சுருக்கம் விழாமல் அடுக்கி வைத்திருந்தாள் ஐயா. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். கணிதத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளை.

அந்த உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவ்வளவும் கல்லூரிக்குள் கால் வைத்த பிறகுதானே? கால் வைப்பதற்கு முன்னால் அந்த இரண்டு நாளில் "உனக்கு இடம் வந்திருக்கிறது, வா" என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே!

4. அரசு நடத்தும் கல்லூரிக் கனவு என்ற உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். நல்ல காரியம். என்னென்ன படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். ஆனால் விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதைக் கலந்தாய்வு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அதற்குள் அடுத்த பிளஸ் டூ வகுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

5. முன்பு கொடுத்த மனுவுக்கு, நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன நடவடிக்கை ஐயா? யாரும் மலை ஏறி வரவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. மனுவை முடித்துவிட்டார்கள், எங்கள் பிள்ளையின் படிப்பும் அதோடு முடிந்துபோனது. கோபத்தில் எழுதிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், வயிறு எரிகிறது.

ஆகவே, கலந்தாய்வு முடியும்வரை எங்கள் அரசு உண்டு உறைவிடப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைத்து, விவரம் தெரிந்த ஒருவரை அங்கே நியமிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டு நம்பரும், சிக்னல் உள்ள உறவினர் நம்பரும் அவர் கையில் இருக்க வேண்டும். ஒதுக்கீடு வரும் நாளில் போன் கிடைக்காத வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். பொதுத்தேர்வு முடிந்த கையோடு கோட்டாட்சியரும் தாசில்தாரும் ஒரு நாள் மேலே வந்து சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும்.

மே மாதம் ரிசல்ட் வந்துவிடும். அதற்குள் அந்த ஒரு ஆளைப் போட்டுத் தாருங்கள் ஐயா. வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த ஆண்டாவது போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலை ஊர்ப் பெற்றோர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)