பறவை நோக்கர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வர இயலாதவர்களுக்கு இந்த அறிக்கை இன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் வரும். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு திருநெல்வேலி நயினார்குளம் கரையில் நடக்கும் பறவை நடை, மழை பெய்த இரண்டு மாதங்கள் தவிர, தவறாமல் நடந்தது. நவம்பர் 12, பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாளன்று அரசுப் பள்ளி ஒன்றில் பேசினோம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டு பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் பட்டியல்கள் ஏற்றினோம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு பயணம். செயற்குழு நான்கு முறை கூடியது.

இனி, சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலையை, அதாவது பறவைக் குரல்களைப் போனில் அறிவதையும் பதிவு செய்வதையும் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற பொதுக்குழுவில், "போனை நீட்டிக்கிட்டு நடக்கிறதுக்குப் பேரு பறவை பார்க்கிறதா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அன்று நேரம் போதவில்லை. இந்த அறிக்கையை அவருக்கான பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் சங்க அலமாரியில் ஒரு சிடி இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் கொடுத்தது. படம், வரைபடம், குரல் எல்லாம் அதில் உண்டு. சனிக்கிழமை மாலை ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்று கேட்போம். எங்கள் தெருவில் நாள் முழுக்கக் கேட்கும் 'டுக் டுக்' சத்தம் செம்மார்புக் குக்குறுவானுடையது என்று எனக்குத் தெரிந்தது அதில்தான். இன்று அதைப் போட்டுக் கேட்கும் வசதி நம்மில் யாரிடமும் இல்லை. அந்த சிடி செய்த வேலையை இப்போது கையில் இருக்கும் போன் செய்கிறது, அவ்வளவுதான். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். 2014இல் வட அமெரிக்கப் பறவைகளோடு தொடங்கியது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டில் வைஃபையில் இறக்கிக்கொண்டால் குளக்கரையில் நெட் இல்லாமலும் வேலை செய்யும். இதைப் பன்னிரண்டு நடையிலும் சொல்ல நினைத்து, நடந்த பத்து நடையிலும் சொல்லிவிட்டேன். இன்னமும் கரைக்கு வந்து நின்றுகொண்டு டவுன்லோடு போடுபவர்கள் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பேச்சு முடிந்ததும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் காதை மட்டும் பயன்படுத்தச் சொன்னோம். ஒவ்வொரு புதுக் குரலுக்கும் ஒரு விரல். பிறகு மெர்லினை ஓடவிட்டோம். 'கிக் கிக் கிக்' என்று கீச்சிட்ட ஒரு குரலுக்கு எல்லோருமே தனி விரல் மடக்கியிருந்தார்கள். திரையில் குயில் என்று வந்தது. "குயில் கூவத்தானே சார் செய்யும்?" என்றாள் ஒரு சிறுமி. கூவுவது ஆண், கறுப்பு. இப்படிக் கீச்சிடுவது பெண், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். படத்தைக் காட்டியதும், "இத நாங்க எங்க வீட்டு முருங்கையில பார்த்திருக்கோம், வேற என்னமோன்னு நெனச்சோம்" என்றாள். படமும் குரலும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அந்த முருங்கை மரத்துப் பறவைக்கு அவளுக்குப் பெயர் கிடைத்தது.

இன்னொன்று. நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற தபால்கார அண்ணாச்சி, நாற்பது ஆண்டு சைக்கிளில் போய்ப் போய்ப் பறவை பழகியவர். இப்போது மெல்லிய கீச்சுக் குரல்கள் அவர் காதில் விழுவதில்லை. வயதானால் முதலில் போவது உச்சச் சுருதிதான். மெர்லின் குரலைப் பதிவு செய்யும்போதே அதைப் படமாகவும் காட்டுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, சத்தம் கூடக்கூடக் கோடு அழுத்தமாகும். செயலி படிப்பதும் இந்தப் படத்தைத்தான். டிசம்பர் நடையில் புளியமரத்தில் பச்சைக் கதிர்க்குருவி ஒன்று 'ச்சிவீ' என்றபோது திரையின் மேல்பக்கம் சின்னதாக ஒரு கோடு வளைந்து ஓடியது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, போனை முகத்தருகே வைத்துப் பார்த்தார். அடுத்த 'ச்சிவீ'க்கு அதே கோடு. "இருக்கான்ல... இந்த வருசமும் வந்துட்டான்" என்று மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். இமயமலைப் பக்கத்திலிருந்து வந்து நம் புளியமரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை அது. மூன்று வருடமாக அது வரவில்லை என்றே அவர் நினைத்திருந்தார். கேள்வி கேட்ட மூத்த உறுப்பினர் அன்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்காக, செயலி சொன்னதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. ஜூலை நடையில் திரையில் 'வைரி' என்ற வேட்டைப் பறவையின் பெயர் வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். குரல் வந்தது கரண்டுக் கம்பியிலிருந்து. அங்கே இருந்தது கரிச்சான். மைனாக்களை விரட்ட அது வைரியைப் போலவே கத்தும். செயலிக்குக் கண் இல்லை, நமக்கு இருக்கிறது. பட்டியலில் கரிச்சான் என்றே எழுதினோம். இதற்கு நேர்மாறாக, பிப்ரவரிக் கணக்கெடுப்பில் நம் உறுப்பினர் ஒருவர், போன் காட்டிய பெயரையெல்லாம் அப்படியே இபேர்டில் ஏற்றிவிட்டார். நம் பக்கம் வராத ஒரு பறவையும் அதில் இருந்தது. பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலர் படமோ பதிவோ கேட்டார். இரண்டும் இல்லை. நீக்கிவிட்டோம். மெர்லின் பெயர் சொன்னது என்பது ஆதாரம் ஆகாது. சேமித்து வைத்த பதிவுதான் ஆதாரம், ஏனென்றால் அதை இன்னொருவர் கேட்டுப் பார்க்க முடியும்.

கூந்தன்குளத்திலும் போன் அதிகம் உதவவில்லை. அங்கே வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைக்குக் குரல் என்று பெரிதாக எதுவும் இல்லை, அலகைத்தான் தட்டும். குஞ்சுகள்தான் கத்தித் தீர்த்தன. கரையில் நின்ற பட்டைத்தலை வாத்துகளை மட்டும் அழகாகப் பதிவு செய்தோம்.

பதிவு என்றதும் நான் இந்த ஆண்டு கையில் எடுத்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு பறவைக்குப் போதுமான பதிவுகள் சேர்ந்தால்தான் அதன் குரலை மெர்லினால் அறிய முடியும். அந்தப் பதிவுகள் நம்மைப் போன்றவர்கள் இபேர்ட் வழியாக ஏற்றுபவைதான். நெதர்லாந்தில் 2005இல் தொடங்கிய ஸீனோ-கான்டோ தளமும் அப்படியே பொதுமக்கள் பதிவுகளால் வளர்ந்தது. அப்படியென்றால் திருநெல்வேலிக் குளங்களின் குரலை யார் கொடுப்பது? நாம்தான் கொடுக்க வேண்டும். ஆகவே சங்கத்துக்கென ஒரு ஒலித்தொகுப்பு தொடங்கினேன். ஒவ்வொரு பறவைக்கும் நம் ஊர்ப் பெயர், ஒரு படம், ஒரு பதிவு. செண்பகம், ஆட்காட்டி, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, நீலத் தாழைக்கோழி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் சேர்ந்திருக்கின்றன. பாளையங்கோட்டைக்கு வெளியே பொட்டலில் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சின்னப் பக்கி என்னும் இரவுப் பறவையின் குரலும் எடுத்தோம். பந்து ஒன்று துள்ளித் துள்ளி அடங்குவது போல இருக்கும். பக்கிகளைக் கண்ணால் பிரிப்பது கடினம், காதால் பிரிப்பது எளிது.

வேலை லேசானது இல்லை. நயினார்குளத்தில் நல்ல குரல் கிடைப்பது விடிகிற நேரத்தில். காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி வருவதும் அதே நேரத்தில். ரிவர்ஸ் எடுக்கும் லாரியின் 'பீப் பீப்' பல பதிவுகளில் விழுந்திருக்கிறது. அதை விடக் கெடுப்பது நம் பேச்சு. பதிவு ஓடும்போது யாராவது ஒருவர் 'என்ன பறவை, என்ன பறவை' என்று கேட்காமல் இருப்பதில்லை. பதிவு செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: நடக்காமல் நிற்கவும். பறவை ஓய்ந்த பிறகு பெயர், இடம், நேரத்தை வாயால் சொல்லி முடிக்கவும். சுருக்காத வேவ் (WAV) ஒலிக் கோப்பாகவே அனுப்பவும். நிமிடத்துக்கு ஐந்து எம்பிக்கு மேல் வரும், பரவாயில்லை. எம்பி3 ஆக மாற்றினால் அளவு குறையும், கூடவே குரலின் நுணுக்கமும் போய்விடும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்டோபரில் ஓர் உறுப்பினர் வீட்டுத் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியது. வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்து, களைத்துப்போய்ச் செம்பருத்திச் செடியடியில் ஒடுங்கிக் கிடந்தது. குழுவில் படம் வந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு கூடிவிட்டார்கள். நடைக்கு வராதவர்கள்கூட அன்று வந்தார்கள். பறவை வெளியே வரவில்லை என்று ஒருவர் போனில் அதன் குரலைப் போட்டார். அது வந்தது. இன்னொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து வந்தது. உள்ளே போனது. மறுபடி போட்டார்கள், மறுபடி வந்தது. இரை தேட வேண்டிய, ஓய்வெடுக்க வேண்டிய பறவையை முக்கால் மணி நேரம் இப்படி அலைக்கழித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அது சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அடுத்த நாள் மாலை ஆறு மணிக்கு, அது வழக்கமாகக் கூவும் நேரத்தில், அங்கே காத்திருந்தோம், குரல் கேட்கவில்லை. செயலியில் உள்ள குரல்கள் நாம் கேட்டுப் பழகுவதற்கு. பறவைக்குப் போட்டுக் காட்டுவதற்கு இல்லை. சங்க நடைகளில் பறவையை வரவழைக்கக் குரல் போடுவது கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. கூட்டின் அருகே கண்டிப்பாகக் கூடாது. மீறுபவர்களை நடைக்கு அழைப்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வருகையைப் பற்றி. பட்டியலில் அறுபதுக்கும் மேல் பெயர்கள். கரைக்கு வருபவர்கள் பத்துப் பேர், அதிலும் பாதி எப்போதும் வரும் அதே முகங்கள். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் கட்டவில்லை, சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நூற்றுக்கணக்கில் செய்தி வருகிறது. காலை வணக்கப் படம் அனுப்புவதற்குப் பதில் ஒரு காக்கையின் குரலைப் பதிவு செய்து அனுப்பினால்கூட எனக்குச் சந்தோஷம்தான். காக்கைக்கே நம்மிடம் நல்ல பதிவு இல்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் பயணச் செலவுக்கும் பள்ளி நிகழ்ச்சிக்கும் ஹார்டு டிஸ்குக்கும் சரியாகப் போயிற்று. கையிருப்பு சொல்லும்படியாக இல்லை, கடனும் இல்லை. மைக் ஒன்று என் சொந்தச் செலவில் வாங்கினேன். அதைச் சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

இடம் கொடுத்த பள்ளித் தலைமை ஆசிரியருக்கும், கூந்தன்குளத்தில் எங்களுக்கு வழிகாட்டிய ஊர் மக்களுக்கும், வேன் ஏற்பாடு செய்த துணைத் தலைவருக்கும், பதிவுகளை வகைப்படுத்தித் தந்த கல்லூரி மாணவர்கள் இருவருக்கும் நன்றி. தபால்கார அண்ணாச்சிக்குத் தனி நன்றி. ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் அவர் சொன்னவை.

அடுத்த ஆண்டு ஒலித்தொகுப்பை அந்தப் பள்ளிக்கும் வேறு இரண்டு பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு ஒரு நல்ல ஸ்பீக்கரும், வலசை வரும் கதிர்க்குருவிகளுக்கான பதிவுகளும் வேண்டும். கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ஒருவர் வாரம் ஒரு மாலை என்னோடு உட்கார வேண்டும். இரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டேன். தொடரச் சொன்னால் தொடர்கிறேன், ஆனால் தனியாக என்னால் முடியவில்லை. பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் ஹார்டு டிஸ்க்கையும் மைக்கையும் இன்றே ஒப்படைக்கிறேன். யார் எடுத்தாலும் தொகுப்பு மட்டும் நின்றுவிடக் கூடாது.

அடுத்த நடை வரும் முதல் ஞாயிறு காலை 5.45க்கு, நயினார்குளம் கரை. செயலியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வரவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்று பொருளாளரிடம் கட்டலாம், ரசீதுப் புத்தகம் அவர் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்