கால்வாய்க்கரை மாடிவீட்டுக்காரர்களுக்குப் படகிலிருந்து ஒரு திறந்த மடல்

லண்டனில், ஏஞ்சலுக்கும் ஹாகர்ஸ்டனுக்கும் இடையே ரீஜன்ட்ஸ் கால்வாயைப் பார்த்தமாதிரி வீடு வாங்கிக் குடியிருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடியிருப்போர் சங்கம் கரையோர விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தேன். படகுகளில் அடுப்பு எரிப்பதைக் கவுன்சில் அடியோடு தடை செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே கட்டியிருக்கும் பச்சை நாரோபோட்டில், அதாவது கால்வாய்க்கென்றே செய்த ஒல்லி நீளப் படகில், இருப்பது நானும் என் மனைவியும்தான். நோட்டீஸில் போட்டிருக்கும் படம் போன குளிர்காலத்தில் எடுத்தது போலிருக்கிறது. அதில் புகை விடுவது எங்கள் புகைபோக்கி. நல்ல படம், ஒரு பிரதி கிடைத்தால் மகிழ்ச்சி.

இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவத்தை உங்கள் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், போன வாரம் மூன்றாம் மாடி பால்கனி ஒன்றில் கார்த்திகைக்கு வரிசையாக அகல் ஏற்றியிருந்ததுதான். அந்த வீட்டுக்காரர்களாவது கூட்டத்தில் எங்களுக்காக இரண்டு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

முதலில் புகையைப் பற்றி. உங்கள் புகார் பொய் என்று சொல்ல மாட்டேன். காற்று அசையாத டிசம்பர் காலையில் குளிர் இந்தக் கால்வாய்ப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். எங்கள் புகை மேலே ஏறாமல் படுக்கைவசமாக நீண்டு உங்கள் முதல் மாடிக்குள் நுழைவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அறையில் ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? 1952 டிசம்பரில் இதே ஊரை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதில் பிறந்த புகைக் கட்டுப்பாட்டு மண்டல விதிகள் வீடுகளுக்குத்தான். கட்டிப்போட்ட படகுகள் அதற்குள் வரவில்லை. விரும்பும் கவுன்சில்கள் படகுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-ன் சுற்றுச்சூழல் சட்டம் வழிவிட்டது. நீங்கள் பிடித்திருப்பது அந்த வழியை. சரி, பிடியுங்கள். அதற்கு முன் கீழே இருப்பவர்களின் வருஷம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கேளுங்கள். உங்களுக்கு நாங்கள் டிசம்பரில் புகையாகவும் ஜூலையில் சத்தமாகவும் மட்டுமே தெரிகிறோம். நடுவில் நிறைய இருக்கிறது.

எங்கள் வீடு ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கத்துக் கால்வாய்களில், படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளான லாக்குகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள். அதில் நுழைய வேண்டிய படகுகள் இன்றுவரை அந்த ஒல்லி உடம்போடுதான் பிறக்கின்றன. சுவர் இரும்புத் தகடு, அதற்கு உள்பக்கம் நுரைப்பூச்சு, அதற்கும் உள்ளே பலகை. தரை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல் சட்டங்களில் வழிந்து நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பது. ராத்திரி நாங்கள் விட்ட மூச்சுதான் அது. அடுப்பு அணைந்தால் இரண்டே நாளில் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அடுப்பு எங்களுக்கு வெறும் சூடு மட்டுமல்ல, ஈரத்தை வெளியே துரத்தும் ஆளும் அதுதான். ஆசைக்காக அலங்கார அடுப்பு வைத்திருக்கும் வீடுகளோடு எங்களைச் சேர்க்காதீர்கள். அப்படிப்பட்ட வீடுகளும் இந்தப் பேட்டையில் உண்டு, நோட்டீஸில் அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

கால்வாய் உறைவதை எங்களுக்கு முதலில் உடம்புதான் சொல்லும். படகு லேசாக அசைந்துகொண்டே இருப்பது திடீரென்று நின்றுபோகும். விடிந்ததும் வாத்து ஒன்று தண்ணீரில் இறங்கப் போய் வழுக்கிக்கொண்டு நிற்கும். கரையிலிருந்து யாராவது சின்னக் கல்லைத் தட்டிவிட்டால் அது பனிப்படலத்தின் மேல் குதித்துக் குதித்து ஓடும். ஒவ்வொரு குதிப்புக்கும் ஏதோ குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி கால்வாய் நெடுகப் போகும். அந்த நாட்களில் யாரும் படகை நகர்த்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். உடைந்த பனிக்கட்டி பக்கத்துப் படகின் தோலைச் சீவிவிடும். ஒரு காலத்தில் இந்தப் பனிக்கும் விலை இருந்தது. கார்லோ கட்டி என்ற வியாபாரி ரீஜன்ட்ஸ் கால்வாயிலிருந்தே பனிக்கட்டி வெட்டி எடுத்து விற்றார்; பிறகு நார்வேயிலிருந்து கப்பலில் தருவித்து, படகில் ஏற்றி, கிங்ஸ் கிராஸில் கிணறு தோண்டிச் சேமித்தார். அந்தக் கிணறுகள் இன்றைக்கும் கால்வாய் அருங்காட்சியகத்துக்குக் கீழே இருக்கின்றன. 1820-ல் முழுசாகத் திறந்த இந்தக் கால்வாயின் வழியாக நிலக்கரியும் ஏராளமாகப் போனது. கிங்ஸ் கிராஸில் நிலக்கரி இறக்கிய கொட்டகைகளில் இப்போது துணிக்கடைகளும் உணவகங்களும். பெயர் மட்டும் பழசு, ‘கோல் டிராப்ஸ் யார்ட்’. நிலக்கரியின் பெயர் இந்த ஊருக்குப் பிடித்திருக்கிறது, நிலக்கரிதான் பிடிக்கவில்லை.

‘அடுப்புக்குப் பதில் மின்சாரத்தில் சூடேற்றிக்கொள்ளுங்களேன்’ என்று நோட்டீஸின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எந்த மின்சாரத்தில்? கூரையில் நான்கு சோலார் தகடுகள் வைத்திருக்கிறோம். மே மாதம் அவை தருவதை எங்களால் செலவழித்து மாளாது. டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்கு எழுந்து நாலு மணிக்கு முன்பே படுத்துவிடுகிறது. எழுந்திருக்கும் நேரத்திலும் உங்கள் ஆறு மாடியின் நிழல் சரியாக எங்கள் கூரைமேல். போன் சார்ஜ் போடவும் ஒரு பல்பு எரியவும் எஞ்சினை ஓடவிட வேண்டும். அதற்கும் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான் அனுமதி. நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாத எங்களைப் போன்ற படகுகள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ன் சட்டம். வருஷத்தில் சில தடவை இந்த வளைவுக்குத் திரும்பி வருவோம், போவோம். கரையில் செருகுமுனை இருந்தால் அல்லவா ஒயரை நீட்ட முடியும்? கால்வாய் போகும் இஸ்லிங்டன் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இஸ்லிங்டன் கவுன்சில் பகுதியில், படகுகள் ஒயரைச் செருகிக்கொள்ள மின்கம்பம் நட்ட நிறுத்தம் இருக்கிறது. அங்கே கட்டினால் நாங்களும் அடுப்பைத் தொடுவதில்லை. இடம் கிடைத்தால்தானே.

14 நாள் கணக்கு என்றதும் நாமக்கோழி ஞாபகம் வருகிறது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை; ஏப்ரலில் இந்தக் கால்வாயே தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று சண்டை போட்டுத் திரியும் பறவை. இந்த வசந்தத்தில் ஒரு ஜோடி எங்கள் சுக்கானுக்கும் கரைக்கும் நடுவில் கூடு கட்டிவிட்டது. குச்சி கொஞ்சம்தான். மீதியெல்லாம் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட், நீல நிற முகக்கவசம் ஒன்று, யாரோ பிறந்தநாளுக்குக் கட்டிய ரிப்பன். ஆண் கொண்டுவந்து நீட்டும், பெண் வாங்கி இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகும். முட்டை பொரிய மூன்று வாரம் ஆகும். படகை எடுத்தால் கூடு போச்சு, முட்டையிட்ட கூட்டைக் கலைப்பது 1981-ன் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். எடுக்காவிட்டால் 14 நாள் விதி. நல்லவேளையாக அந்த விதியிலேயே ‘சூழ்நிலைக்கேற்ற நியாயமான கூடுதல் காலம்’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. மனு போட்டோம், கிடைத்தது. ஆறு குஞ்சு வந்தது. சிவப்புத் தலையும் ஆரஞ்சுப் பிசிறுமாகப் பார்க்கவே கோமாளி மாதிரி. தாய் சில குஞ்சுகளுக்கு ஊட்டும், சிலவற்றைத் தலையிலேயே கொத்தித் துரத்தும். ஒன்றைச் சாம்பல் நாரை எடுத்துப்போனது. பிழைத்தது இரண்டு. உங்கள் பால்கனிகளிலிருந்து சிலர் ரொட்டி போட்டுப் படமெடுத்தீர்களே, அந்த இரண்டுதான்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி அடித்தபோது இரும்புப் பெட்டிக்குள் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். தண்ணீர்மேல் பொட்டுப் பொட்டாகப் பச்சைச் செடி பரவிப் புல்வெளிபோல் ஆகிவிடும். வருஷத்துக்கு ஒரு நாயாவது அதை நம்பிக் காலை வைத்து உள்ளே விழும். சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர் வைத்துக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள். அவர்களால் எங்களுக்கும்தான் தூக்கம் கெடுகிறது.

கோடை இரவுகளில் நான் உட்கார்ந்து பார்ப்பது வேறு ஒன்றை. தண்ணீரை ஒட்டி ஒரு சாண் உயரத்தில், நூல் பிடித்தமாதிரி நேராகப் போகும் வௌவால். டாபென்டன் வௌவால் என்கிறார்கள். தண்ணீரிலிருந்து எழும் பூச்சிகளைக் கால்களாலேயே வாரி எடுக்கும். வெளிச்சம் விழும் தண்ணீர் அதற்கு ஆகாது. பாலத்தடியிலிருந்து புறப்பட்டு வரும், உங்கள் கட்டடத்தின் அடியில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே நீல விளக்குகள், அவை தொடங்கும் இடத்தில் சட்டென்று திரும்பிப் போய்விடும். அந்த விளக்குகளைக் கட்டடம் கட்டிய கம்பெனி அழகுக்காக வைத்தது. உங்களில் யாரும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

அக்டோபரில் பிளேன் மரங்கள் உதிர்க்கும் இலை தண்ணீரில் ஊறிக் கஞ்சியாகி, படகைத் தள்ளும் எங்கள் சுழலியைச் சுற்றும். எஞ்சினை நிறுத்தி, பின்தளத்து மூடியைக் கழற்றி, தோள்வரை கையைவிட்டு அதைப் பிய்த்து எடுப்பேன். அந்த வாரத்தில் எரிபொருள் படகும் வந்துவிடும். டீசல், கேஸ் சிலிண்டர், மூட்டை மூட்டையாகப் புகை குறைந்த கரி. 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு கட்டுகளாக ஈர விறகு விற்க முடியாது, பையில் கட்டிய சாதாரண வீட்டுக்கரியும் முடியாது. இருந்தும் கரையில் விழுந்த பச்சைக் கிளையை அறுத்து எரிக்கிற படகுக்காரர்கள் சிலர் உண்டு. உங்கள் மூக்கை அதிகம் எரிப்பது அவர்கள்தான். அவர்களைப் பிடியுங்கள், பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். மனுவில் ‘தடை’ என்ற வரிக்கு முன்னால் ‘மின்கம்பம்’ என்ற வரியைப் போடுங்கள். இந்த வளைவில் கம்பம் நட்டு, இணைப்புக் கொடுத்து, அதற்குப் பிறகும் எவனாவது கரி எரித்தால் அபராதம் போடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுவரி கட்டும் உங்கள் குரல் கவுன்சிலுக்குக் கேட்கும்; முகவரி இல்லாத எங்கள் குரல் கேட்காது. நீல விளக்குகளை ஏப்ரல் முதல் அக்டோபர் வரையாவது ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைத்துவையுங்கள், கரண்ட் பில்லும் குறையும். அதுவரைக்கும் புகை உள்ளே வருகிறது என்றால் இறங்கிவந்து கூரைத் தகட்டில் தட்டுங்கள். காற்றுத் துவாரத்தைத் திறந்து தீயைத் தெளியவைத்தால் புகை பெரும்பாலும் குறைந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை.

கூட்டம் வரும் வியாழக்கிழமை என்று நோட்டீஸில் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவரை உள்ளே விடுவீர்களென்றால் வருகிறேன். கூட்டத்தைத் தள்ளிவைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் 14 நாள் முடிகிறது, அப்புறம் விக்டோரியா பார்க் பக்கம் தேடிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பச்சைப் படகுக்காரன்