முதல் முகத்திலேயே தொடங்கும் நிறப்பிரிகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் முப்பட்டகம் (முக்கோண வடிவக் கண்ணாடிப் பட்டகம்) பற்றி வெளியான கட்டுரை, மாணவர்கள் விரும்பிப் படிக்கும்படி எளிய நடையில் அமைந்திருந்தது. ஆனால் அதனுடன் அச்சான படத்தில், வெள்ளொளி கண்ணாடிக்குள் வெள்ளையாகவே சென்று, வெளியேறும் முகத்தில்தான் ஏழு நிறங்களாகப் பிரிவதுபோல் வரையப்பட்டிருந்தது. பல இடங்களில் காணப்படும் பிழைதான் என்றாலும், நிறப்பிரிகையின் காரணத்தையே அது மறைத்துவிடுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெற்றிடத்தில் எல்லா நிறங்களுக்கும் ஒரே வேகம், கண்ணாடிக்குள் அப்படியில்லை. கிரௌன் கண்ணாடி என்னும் வழக்கமான கண்ணாடி வகையின் ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தில் உள்ளதைவிட ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதன் அளவு) சிவப்புக்கு ஏறத்தாழ 1.51, ஊதாவுக்கு 1.53. அதாவது, சிவப்பு நொடிக்குச் சுமார் 1,98,000 கி.மீ. செல்லும்போது ஊதா 1,96,000 கி.மீ. அளவில்தான் செல்கிறது. கண்ணாடியில் உள்ள எலக்ட்ரான்களின் இயல்பு அதிர்வெண்கள் (அவை தாமாக அதிரும் வேகங்கள்) புற ஊதாப் பகுதியில் இருப்பதால், அவற்றுக்கு அருகிலுள்ள ஊதா ஒளியே கூடுதலாகத் தாமதப்படுகிறது. வேகம் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பவே ஒளி திரும்பும்; ஆகவே ஒளி சாய்வாக நுழையும் முதல் முகத்திலேயே ஒவ்வொரு நிறமும் தனக்குரிய கோணத்தில் திரும்பிவிடுகிறது. 60 டிகிரி முப்பட்டகத்தின் உள்ளே சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே பொதுவாக அரை டிகிரிகூட இருப்பதில்லை. வரைபவர் கண்ணுக்கு அது தப்புவது இயல்பே. இரண்டாம் முகம் சாய்ந்திருப்பதால் ஒளியை அதே பக்கம் மீண்டும் திருப்பி, அந்த இடைவெளியை ஏறத்தாழ ஒன்றரை டிகிரியாக விரிக்கிறது. முகங்கள் இணையாக உள்ள கண்ணாடிப் பாளத்திலும் நிறங்கள் உள்ளே பிரியத்தான் செய்கின்றன. வெளியேறும்போது எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தங்கள் படத்தை நம்பும் மாணவரால் பாளத்துக்கும் முப்பட்டகத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எவ்வாறு விளக்க முடியும்?

நியூட்டனைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டதும் எனக்குக் குறையாகப் பட்டது. கண்ணாடிதான் ஒளியை மாற்றி நிறமேற்றுகிறது என்ற கருத்து பரவலாக இருந்த காலத்தில், பிரிந்த நிறங்களில் ஒன்றை மட்டும் பலகையிலுள்ள சிறு துளை வழியே விட்டு, அதை இரண்டாம் முப்பட்டகத்தில் அவர் செலுத்தினார். சிவப்பு சிவப்பாகவே வந்தது. ஊதா ஊதாவாகவே, ஆனால் சிவப்பைவிட அதிகம் விலகி வந்தது. புதிய நிறம் எதுவும் தோன்றவில்லை. 1672இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனை, நிறங்கள் வெள்ளொளியிலேயே அடங்கியிருந்தன என்பதற்கு வலுவான சான்று. ஒரே முப்பட்டகத்தால் நிறங்களைப் பிரித்துக் காட்டும் முதற்சோதனையைவிட இதுவே மாணவர்களுக்கு முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த இதழில் திருத்திய படத்தை வெளியிட வேண்டுகிறேன். அதில் ஒளி ஒரு மெல்லிய பிளவின் வழியே வருவதாகக் காட்டுவதும் அவசியம். அகன்ற ஒளிக்கற்றையை முப்பட்டகத்தில் விட்டு, அருகிலேயே திரையை வைத்தால் நடுவில் வெள்ளையும், ஓர் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும், மறு ஓரத்தில் நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். புத்தகத்தில் உள்ள நிறமாலை ஏன் வரவில்லை என்று மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்